பனியன் ஏற்றுமதி அலுவலகம், 16 கம்ப்யூட்டர்: ஸ்பைவேருக்கு எதை வாங்குவது?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் படிக்கும்போதும் புரியவேண்டும். திருப்பூரில் ஏற்றுமதி அலுவலகம், மொத்தம் 16 கம்ப்யூட்டர். பத்தில் விண்டோஸ் 11, மீதி ஆறில் இன்னும் விண்டோஸ் 10. ஆர்டர் பிடித்துக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர்கள் நாள் முழுக்க மெயிலில், அக்கவுண்ட்ஸில் டேலியும் நெட் பேங்கிங்கும். போன மாதம் ஜெர்மனியில் உங்களிடம் சரக்கு வாங்கும் ஒரு பையருக்கு உங்கள் கம்பெனி பெயரில் "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள்" என்று ஒரு மெயில் போயிருக்கிறது. அதில் உண்மையான இன்வாய்ஸ் நம்பரும் தொகையும் அப்படியே இருந்திருக்கின்றன. பையர் போன் போட்டுக் கேட்டதால் பணம் தப்பியது. இப்போது உங்கள் சர்வீஸ்காரர் மூன்று வருட லைசென்ஸ் மலிவாகப் போட்டுத் தருகிறேன் என்கிறார். ஸ்பைவேரை, அதாவது கம்ப்யூட்டருக்குள் புகுந்து தகவலைத் திருடும் நிரலை, தடுக்க எந்த மென்பொருள் நல்லது என்பது உங்கள் கேள்வி.

நேரடியாகப் பதில் சொல்லிவிடுகிறேன். 16 சிஸ்டத்துக்கும் ஒரே மென்பொருள், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கும் கன்சோல், அந்தக் கன்சோலைத் தினமும் காலையில் திறந்து பார்க்க உங்கள் அலுவலகத்தில் பெயர் சொல்லி ஒருவர். இது மூன்றும் இருந்தால் நல்ல பெயருள்ள ஐந்தாறு நிறுவனங்களில் எதை வாங்கினாலும் உங்களுக்குப் போதும். இதில் ஒன்று இல்லையென்றாலும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அது டாஸ்க்பாரில் ஒரு ஐகானாக உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். சிறிய அலுவலகங்களில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது, ஆன்டிவைரஸ் எச்சரிக்கை கொடுத்திருக்கும், சில சமயம் வாரக்கணக்கில் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கும், அந்த சீட்டில் இருந்தவர் அதை மூடிவிட்டு வேலையைப் பார்த்திருப்பார். அவர் மேல் தப்பில்லை, அது என்னவென்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

ஆனால் வாங்குவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது, அதற்குக் காசு தேவையில்லை. உங்கள் இன்வாய்ஸ் விவரம் வெளியே போயிருக்கிறது என்பதாலேயே கம்ப்யூட்டரில் ஸ்பைவேர் இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. பாஸ்வேர்டு ஒருமுறை கிடைத்துவிட்டால் திருடன் உங்கள் கம்ப்யூட்டருக்குள் இருக்கவேண்டிய அவசியமே இல்லை. மெயில் பெட்டிக்குள் நுழைந்து ஒரு ரூல் எழுதி வைத்துவிட்டுப் போவான், "இன்வாய்ஸ்", "பேமெண்ட்" என்ற சொல் உள்ள மெயில் எல்லாம் அவனுக்கு ஒரு பிரதி போகும். நீங்கள் பாஸ்வேர்டை மாற்றினாலும் அந்த ரூல் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். ஜிமெயில் என்றால் செட்டிங்ஸில் ஃபார்வர்டிங், ஃபில்டர் இரண்டையும் திறந்து பாருங்கள். அவுட்லுக் என்றால் ரூல்ஸ் பகுதி. இன்பாக்ஸின் அடியில் வலது ஓரத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் "டீடெயில்ஸ்" என்பதை அழுத்தினால் எந்தப் பகுதியிலிருந்து, பிரவுசரா மொபைலா என்று எந்த வழியில் லாகின் ஆகியிருக்கிறது என்று ஜிமெயில் காட்டும். பையருக்கு வந்த போலி மெயிலின் முகவரியையும் எழுத்து எழுத்தாகப் பாருங்கள், உங்கள் டொமைன் பெயரில், அதாவது @ குறிக்குப் பின்னால் வரும் பெயரில், ஒரு எழுத்து மாறியிருக்கலாம். இன்னொன்றும் உண்டு: கசிவு உங்கள் பக்கம் இல்லாமல் பையர் பக்கமோ, சரக்கை அனுப்பித்தரும் ஃபார்வர்டர் அலுவலகத்திலோ இருக்கவும் வாய்ப்புண்டு, அதே மெயில் தொடர் அவர்களிடமும் இருக்கிறதல்லவா. அவர்களையும் பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, இப்போது ஸ்பைவேருக்கு வருவோம். 2000-களின் தொடக்கத்தில் ஸ்பைவேர் என்றால் பிரவுசரின் முகப்பைக் கடத்திக்கொண்டு போய் விளம்பரமாகக் கொட்டுவது, எங்கெல்லாம் போகிறீர்கள் என்று நோட்டம் விடுவது. அதற்கென்றே ஆட்-அவேர், ஸ்பைபாட் என்று தனி மென்பொருள்கள் இருந்தன. மைக்ரோசாஃப்ட்டும் 2004 கடைசியில் ஜெயண்ட் என்ற நிறுவனத்தை வாங்கி, அதன் ஆன்டிஸ்பைவேரைத்தான் பின்னால் விண்டோஸ் டிஃபெண்டராக மாற்றியது. அந்தப் பிரிவினை இப்போது இல்லை. "ஆன்டி ஸ்பைவேர்" என்று தனியாக ஒன்று, "ஆன்டி வைரஸ்" என்று தனியாக ஒன்று வாங்கவேண்டும் என்று யாராவது சொன்னால் அவர் பழைய காலத்தில் இருக்கிறார் அல்லது இரண்டு பில் போடப் பார்க்கிறார். இரண்டு ஆன்டிவைரஸை ஒரே சிஸ்டத்தில் ஒன்றாக ஓடவிட்டால் ஒன்றின் ஃபைலை இன்னொன்று பிடித்து இழுத்து சிஸ்டமே ஊர்ந்துபோகும், பாதுகாப்பும் கூடாது.

இன்றைய அலுவலகத்துக்கு உண்மையான ஆபத்து இன்ஃபோஸ்டீலர் என்னும் வகை. உள்ளே வந்து சில நிமிடங்களில் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டு, குக்கி, ஆட்டோஃபில் விவரம், டெஸ்க்டாப்பில் கிடக்கும் ஃபைல்கள் எல்லாவற்றையும் மூட்டை கட்டி அனுப்பிவிடும், பல சமயம் தன்னையே அழித்துக்கொண்டும் போய்விடும். ரெட்லைன், லும்மா என்று பெயர்கள். இவற்றை எழுதுபவன் ஒருவன், மாத வாடகைக்கு எடுத்துப் பரப்புபவன் இன்னொருவன், திருடிய பாஸ்வேர்டு மூட்டையை வாங்கிப் பயன்படுத்துபவன் மூன்றாமவன். ரெட்லைன் கட்டமைப்பை 2024 அக்டோபரில் நெதர்லாந்து போலீஸ் தலைமையில் பல நாடுகள் சேர்ந்து முடக்கின. லும்மாவை 2025 மே மாதம் மைக்ரோசாஃப்ட்டும் பல நாட்டு விசாரணை அமைப்புகளும் முடக்கியபோது, அதற்கு முந்தைய இரண்டே மாதத்தில் 3,94,000-க்கும் மேற்பட்ட விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் அது புகுந்திருந்ததாக மைக்ரோசாஃப்ட் சொன்னது. இதில் குக்கி திருட்டுதான் பலருக்குப் புரிவதில்லை. "எங்கள் மெயிலுக்கு ஓடிபி இருக்கிறது, பாஸ்வேர்டு போனாலும் கவலையில்லை" என்கிறார்கள். குக்கி என்பது நீங்கள் லாகின் ஆனதை நினைவில் வைக்கத் தளம் உங்கள் பிரவுசரில் விட்டுவைக்கும் சிறிய குறிப்பு, பொருட்காட்சி வாசலில் டிக்கெட் வாங்கியபின் கையில் குத்திவிடும் முத்திரை மாதிரி. முத்திரை இருந்தால் மறுபடி டிக்கெட் கேட்க மாட்டார்கள். அந்தக் குக்கி கையில் இருந்தால் பல தளங்களில் பாஸ்வேர்டும் ஓடிபியும் இல்லாமலேயே உள்ளே போய்விடலாம்.

ஏற்றுமதி அலுவலகங்களுக்கென்றே இன்னொரு பழைய எதிரி ஏஜென்ட் டெஸ்லா. 2014-லிருந்து சுற்றிக்கொண்டிருக்கிறது, இன்னும் ஓயவில்லை. கீபோர்டில் அடிப்பதைப் பதிவு செய்யும், ஸ்கிரீனைப் படம் பிடிக்கும், காப்பி செய்ததை எடுக்கும். இது வரும் வழியைப் பாருங்கள், உங்கள் மெர்ச்சண்டைசர் தினமும் எதிர்பார்க்கும் மெயில் மாதிரியே வரும்: புதிய பர்ச்சேஸ் ஆர்டர், கொட்டேஷன் கேட்டு ஒரு விசாரணை, ஷிப்பிங் டாக்குமெண்ட், பேமெண்ட் ஸ்லிப். இணைப்பில் ஒரு ஜிப் அல்லது ரார் ஃபைல், பிரித்தால் உள்ளே பிடிஎஃப் படம் போட்ட ஒன்று. விண்டோஸ் வழக்கமாக ஃபைல் பெயரின் கடைசிப் பகுதியை மறைத்துவிடுவதால் "பிஓ 4471 பிடிஎஃப்" என்று மட்டும் கண்ணுக்குத் தெரியும், அதற்குப் பின்னால் அது ஓடக்கூடிய நிரல் என்று காட்டும் ".இஎக்ஸ்இ" ஒளிந்திருக்கும். இன்றைக்கே 16 சிஸ்டத்திலும் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் வியூ மெனுவில் "ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்" என்பதை டிக் செய்துவிடுங்கள். ஆர்டர் பிடிப்பதே வேலையாக இருப்பவரிடம் "தெரியாத மெயிலைத் திறக்காதே" என்று சொல்வதில் அர்த்தமில்லை, தெரியாதவரிடமிருந்து வரும் மெயிலைத் திறந்து பார்ப்பதற்குத்தானே அவருக்குச் சம்பளம். அதனால் திறந்தாலும் ஓடாமல் தடுப்பதைத்தான் மென்பொருளிடம் எதிர்பார்க்கவேண்டும்.

2024-லிருந்து பரவலாக வந்திருக்கும் இன்னொரு தந்திரம், இதை உங்கள் ஆட்கள் எல்லோருக்கும் ஒருமுறை செய்தே காட்டுங்கள். ஏதோ ஒரு தளத்தில் "நான் ரோபோ அல்ல" என்று ஒரு பெட்டி வரும். டிக் செய்ததும், சரிபார்ப்பு முடிய விண்டோஸ் கீயையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள், பிறகு கன்ட்ரோல் வி, பிறகு என்டர் என்று மூன்று படி சொல்லும். நீங்கள் டிக் செய்த நொடியே அந்தப் பக்கம் ஒரு கட்டளையை, நீங்களே காப்பி செய்தது போல, உங்கள் கிளிப்போர்டில் வைத்துவிட்டது, அந்த மூன்று படியும் அதை உங்கள் கையாலேயே ஓடவைக்கும் வழி. ஃபைல் எதையும் டவுன்லோட் செய்ததாகவே உங்களுக்குத் தோன்றாது. இதற்குப் பெயர் கிளிக்ஃபிக்ஸ். விண்டோஸ் கீயோடு ஆர் அழுத்தினால் திறக்கும் ரன் பெட்டியை எந்த உண்மையான தளமும் திறக்கச் சொல்லாது என்ற ஒரே வரி போதும்.

மூன்றாவது வழி, கிராக். ஆபீஸ், விண்டோஸ், ஃபோட்டோஷாப், கோரல்டிரா என்று எதையாவது ஓசியில் ஆக்டிவேட் செய்யும் கருவி. நிறுவும்போதே "ஆன்டிவைரஸை ஆஃப் செய்யுங்கள்" என்று முதல் வரியிலேயே சொல்லும், ஆட்களும் செய்வார்கள். கேஎம்எஸ்பிகோ என்ற பிரபலமான ஆக்டிவேட்டரின் போலிப் பிரதி வழியாக கிரிப்ட்பாட் என்ற திருட்டு நிரல் பரவியதை 2021 டிசம்பரில் ரெட் கேனரி என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். உங்கள் 16-ல் ஒன்றிலாவது இப்படி ஒன்று இருந்தால் முதல் செலவு அந்த லைசென்ஸுக்குத்தான், ஆன்டிவைரஸ் அப்புறம். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

இப்போது எதை வாங்குவது. விண்டோஸோடு இலவசமாக வரும் டிஃபெண்டரை மட்டம் தட்டிப் பேசுவது இன்னும் நம் ஊரில் வழக்கமாக இருக்கிறது, அது பத்து வருடத்துக்கு முந்தைய கருத்து. தனியார் பரிசோதனை நிறுவனங்களின் முடிவுகளில் அது கட்டண மென்பொருள்களுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. குறை வேறு இடத்தில்: 16 சிஸ்டமும் தனித்தனித் தீவு. மூன்றாவது சீட்டில் என்ன பிடிபட்டது, ஏழாவது சீட்டில் யார் ஆஃப் செய்து வைத்திருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரிய வழியில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் டிஃபெண்டர் ஃபார் பிசினஸ் என்று 2022-ல் கொண்டுவந்தார்கள். 300 பேர் வரை உள்ள நிறுவனங்களுக்கானது, பட்டியல் விலை ஒரு நபருக்கு மாதம் 3 டாலர், ஒரு நபர் லைசென்ஸில் ஐந்து கருவிகள் வரை. மைக்ரோசாஃப்ட் 365 பிசினஸ் பிரீமியம் வைத்திருந்தால் அதிலேயே சேர்ந்து வருகிறது, இதைத் தெரியாமலே தனியாக இன்னொரு ஆன்டிவைரஸுக்குப் பணம் கட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். வாங்குவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள்: இது விண்டோஸ் ஹோம் பதிப்பில் வேலை செய்யாது, ப்ரோ வேண்டும். கடையில் வாங்கும் லேப்டாப்புகள் பெரும்பாலும் "ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்" பதிப்போடுதான் வருகின்றன. செட்டிங்ஸில் சிஸ்டம், அபௌட் என்று போய் 16-லும் எது என்ன பதிப்பு என்று முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்.

மைக்ரோசாஃப்ட் கணக்கு, ப்ரோ பதிப்பு எதுவும் இல்லை, ஹோம் லேப்டாப்புகள்தான் நிறைய என்றால் மற்ற நிறுவனங்கள் அலுவலகங்களுக்கென்று தரும் எண்ட்பாயிண்ட் பதிப்புகளைப் பாருங்கள். நம் நாட்டில் சென்னையின் கே7, 1991-ல் தொடங்கியது. புனேயின் குவிக் ஹீல், அலுவலகங்களுக்கென்று செக்ரைட் என்ற பெயரில் தருகிறது. வெளிநாட்டில் ருமேனியாவின் பிட்டிஃபெண்டர், ஸ்லோவாக்கியாவின் ஈசெட், பிரிட்டனின் சோஃபோஸ். எல்லாவற்றிலும் அலுவலகப் பதிப்புக்குக் கன்சோல் உண்டு. உள்ளூர் நிறுவனத்தில் ஒரு வசதி, பிரச்சினை என்றால் தமிழிலேயே பேசித் தீர்த்துக்கொள்ளும் டீலர் பக்கத்தில் கிடைப்பார், நேரில் வந்து நிற்பார். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன், ஷிப்மெண்ட் நாளில் ஒரு சிஸ்டம் படுத்தால் அதன் அருமை தெரியும்.

ரஷ்யாவின் காஸ்பர்ஸ்கி ஆன்டிவைரஸைப் பற்றியும் கேட்பீர்கள். கண்டுபிடிக்கும் திறமையில் அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் 2024 ஜூனில் அமெரிக்க வணிகத்துறை அதை அங்கே விற்கத் தடை போட்டது, அந்த ஆண்டு செப்டம்பர் 29-க்குப் பிறகு அங்கே அப்டேட் தரவும் தடை. இந்தியாவில் அந்தத் தடை இல்லை. ஆனாலும் உங்களுக்கு அமெரிக்க பையர்கள் இருந்தால், அவர்கள் அனுப்பும் ஐடி செக்யூரிட்டிக் கேள்வித்தாளில் இந்தப் பெயரை எழுதவேண்டியிருந்தால் வீண் கடிதப் போக்குவரத்து. நான் என்றால் தவிர்ப்பேன்.

உங்கள் சர்வீஸ்காரர் சொல்லும் மூன்று வருட மலிவு லைசென்ஸ் பெரும்பாலும் வீட்டு உபயோகப் பதிப்பாக இருக்கும், மூன்று யூசர், ஐந்து யூசர் என்று பெட்டியில் வருவது. அதில் மையக் கன்சோல் இருக்காது. ஒப்பந்தத்தைப் படித்தால் அலுவலகப் பயன்பாட்டுக்கு அனுமதி இல்லை என்றும் பல சமயம் இருக்கும். இலவசப் பதிப்புகளின் கதை இன்னும் மோசம். அவாஸ்ட் நிறுவனம் தன் மென்பொருளைப் பயன்படுத்தியவர்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போனார்கள் என்ற விவரத்தை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றது. 2020-ல் வெளியே வந்து ஜம்ப்ஷாட்டை மூடினார்கள், 2024-ல் நுகர்வோர் பாதுகாப்பைக் கவனிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிசி 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது. ஸ்பைவேரிலிருந்து காப்பதாகச் சொன்ன மென்பொருளே செய்த வேலை இது. அதனால் எதை வாங்கினாலும் "தரவுகளை மூன்றாம் தரப்போடு பகிர்" என்பது போன்ற அமைப்புகளைக் கன்சோலில் தேடிப்பிடித்து அணையுங்கள்.

பாதுகாப்பு மென்பொருள் விண்டோஸின் அடிவயிறு வரை உரிமையோடு உட்காருவது, அதில் தவறு நடந்தால் அடி பலமாக விழும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய ஒரு தவறான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் நின்றன, விமான நிலையங்களில் கையால் போர்டிங் பாஸ் எழுதினார்கள். இன்னொன்று நம் நாட்டு நிறுவனம் ஒன்றுக்கு நடந்தது: ஈஸ்கேன் என்ற ஆன்டிவைரஸின் அப்டேட் குறியாக்கம் இல்லாத வழியில் போய்க்கொண்டிருந்ததால், நடுவில் புகுந்து குப்டிமைனர் என்ற தீநிரலை அப்டேட் போலவே அனுப்பியிருக்கிறார்கள், 2024 ஏப்ரலில் அவாஸ்ட் ஆய்வாளர்கள் விவரமாக வெளியிட்டார்கள், அதற்கு முன்பே ஓட்டை அடைக்கப்பட்டுவிட்டது. யார்மேலும் பழி போட இதைச் சொல்லவில்லை, டீலரிடம் கேட்கவேண்டிய இரண்டு கேள்விகள் இதில் இருக்கின்றன. அப்டேட் குறியாக்கத்தோடு, கையொப்பம் சரிபார்த்து வருகிறதா? ஒரு சிஸ்டத்தில் முதலில் விட்டுப் பார்த்து மற்றவற்றுக்கு ஒருநாள் தாமதமாக விட கன்சோலில் வழி இருக்கிறதா? தெரியாது என்றால் கம்பெனியில் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். நல்ல டீலர் கேட்டுச் சொல்வார்.

எது எவ்வளவு பிடிக்கிறது என்பதற்கு யூடியூப் வீடியோக்களை நம்பவேண்டாம். ஜெர்மனியின் மாக்டபர்க்கில் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ருக்கில் ஏவி-கம்பேரிடிவ்ஸ், லண்டனில் எஸ்இ லேப்ஸ், இந்த மூன்று பரிசோதனை நிறுவனங்களும் முடிவுகளை இலவசமாகவே வெளியிடுகின்றன. வீட்டுப் பதிப்புக்குத் தனி, அலுவலகப் பதிப்புக்குத் தனி. நீங்கள் பார்க்கவேண்டியது இரண்டாவது. ஏவி-டெஸ்ட் பாதுகாப்பு, வேகம், பயன்பாடு என்று மூன்றுக்கும் ஆறு ஆறு புள்ளி தருகிறது, பெரும்பாலானவை 17, 18 என்று முட்டிக்கொண்டு நிற்கும், அந்த அரைப்புள்ளி வித்தியாசத்துக்கு மண்டையைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒரு முறை முதலிடம் வந்ததா என்பதைவிட இரண்டு வருடமாகத் தொடர்ந்து மேலே இருக்கிறதா என்று பாருங்கள். தவறான எச்சரிக்கை எவ்வளவு என்பதையும் பாருங்கள், பேட்டர்ன் போடும் கேட் (CAD) மென்பொருள், பழைய டாங்கிள் டிரைவர் மாதிரி உங்கள் தொழிலின் அபூர்வமான நிரல்களைத் திருடன் என்று பிடித்து அடைத்தால் உற்பத்தி நிற்கும்.

பிறகு சோதனைக் காலம். எல்லா நிறுவனமும் சில வாரம் இலவசமாகத் தருகிறது. உங்கள் அலுவலகத்திலேயே மிக மெதுவான சிஸ்டத்தில் போடுங்கள், புதியதில் போட்டால் எதுவும் தெரியாது. டேலியைத் திறந்து ஒரு வருட லெட்ஜரை எடுங்கள், அவுட்லுக்கில் பெரிய இணைப்புள்ள மெயிலைத் திறங்கள், கேட் ஃபைலைத் திறங்கள், நேரத்தைக் கவனியுங்கள். அப்புறம் ஐகார் சோதனை ஃபைலை டவுன்லோட் செய்யுங்கள். அது 68 எழுத்துகள் கொண்ட வெறும் உரை, எந்தத் தீங்கும் செய்யாது, ஆனால் எல்லா ஆன்டிவைரஸும் அதைத் தீநிரலாக எண்ணிப் பிடிக்கவேண்டும் என்று ஒரு பொது ஏற்பாடு இருக்கிறது. பிடிப்பதை வைத்து மென்பொருளின் திறமையை அளக்காதீர்கள், அதற்கான கருவியல்ல அது. நீங்கள் பார்க்கவேண்டியது பிடித்தபின் என்ன நடக்கிறது என்பது: எவ்வளவு நேரத்தில் கன்சோலில் தெரிகிறது, எந்த சீட், எந்த யூசர், எந்த ஃபைல் என்று தெளிவாகச் சொல்கிறதா, உங்கள் மெயிலுக்கு எச்சரிக்கை வருகிறதா, கன்சோலில் இருந்தே அந்த சிஸ்டத்தை நெட்வொர்க்கிலிருந்து துண்டிக்க முடிகிறதா. கடைசியாகச் சொன்னது இருக்கிறதே, அது இல்லாத மென்பொருளை நான் இன்றைக்கு அலுவலகத்துக்குச் சிபாரிசு செய்யமாட்டேன். ராத்திரி எட்டு மணிக்கு எச்சரிக்கை வந்தால், வீட்டில் இருந்தபடியே அந்த ஒரு சிஸ்டத்தைத் துண்டிக்க முடியவேண்டும்.

வேறு எதைக் கேட்டு வாங்குவது என்றால், நடத்தையை வைத்துக் கண்டுபிடிக்கும் வசதி (மேலே சொன்ன கிளிக்ஃபிக்ஸில் தெரிந்த கெட்ட ஃபைல் என்று எதுவும் இல்லை, விண்டோஸில் கட்டளைகளை ஓட்டும் பவர்ஷெல் திடீரென்று எங்கிருந்தோ எதையோ இறக்கி ஓட்டுகிறது என்ற நடத்தையை வைத்துத்தான் பிடிக்கவேண்டும்), யூசரே மென்பொருளை ஆஃப் செய்யவோ நீக்கவோ முடியாதபடி பாஸ்வேர்டு பூட்டு, கெட்ட தளங்களைத் தடுப்பது, பென் டிரைவ் கட்டுப்பாடு. பதிவுகளை எவ்வளவு நாள் வைத்திருக்கும் என்றும் கேளுங்கள். மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று போட்ட உத்தரவுப்படி நிறுவனங்கள் சிஸ்டம் பதிவுகளை 180 நாள் வைத்திருக்கவேண்டும், இணையத் தாக்குதலைத் தெரிந்துகொண்ட ஆறு மணி நேரத்தில் தெரிவிக்கவேண்டும். 30 நாளில் எல்லாவற்றையும் அழித்துவிடும் கன்சோலை வைத்துக்கொண்டு, நான்கு மாதத்துக்கு முன் எப்படி உள்ளே வந்தான் என்று தேட முடியாது.

இந்த ஆறு விண்டோஸ் 10 சிஸ்டங்களுக்கு வருகிறேன். 2025 அக்டோபர் 14-ஓடு அதற்கான ஆதரவு முடிந்துவிட்டது. ஆன்டிவைரஸ் தொடர்ந்து அப்டேட் ஆகும், டிஃபெண்டரும் 2028 வரை ஆகும், ஆனால் விண்டோஸில் புதிதாகக் கண்டுபிடிக்கும் ஓட்டைகள் அடைபடாது. நிறுவனங்களுக்கு நீட்டிப்பு உண்டு, முதல் வருடம் ஒரு சிஸ்டத்துக்கு 61 டாலர், ஒவ்வொரு வருடமும் இரட்டிப்பாகும், மூன்று வருடத்தோடு சரி. விண்டோஸ் 11 ஏறும் என்றால் ஏற்றுங்கள். ஏறாத பழைய சிஸ்டத்துக்கு ஆன்டிவைரஸ் லைசென்ஸும் நீட்டிப்புக் கட்டணமும் கட்டுவதைவிட அந்தக் காசைப் புதிய சிஸ்டத்தில் போடலாம். அதுவரைக்கும் நெட் பேங்கிங் அந்த ஆறிலும் வேண்டாம், இதைக் கண்டிப்பாகச் செய்யுங்கள்.

மென்பொருள் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சில விஷயங்களை அது பார்த்துக்கொள்ளாது. எல்லோரும் எதையும் நிறுவவும் மாற்றவும் உரிமையுள்ள அட்மின் யூசராகவே லாகின் ஆகிறார்களா என்று பாருங்கள், அனேகமாக ஆமாம் என்றுதான் இருக்கும். தினசரி வேலைக்கு ஸ்டாண்டர்ட் யூசர், அட்மின் பாஸ்வேர்டு ஒருவரிடம் மட்டும். இன்ஃபோஸ்டீலர் ஸ்டாண்டர்ட் யூசரிலும் பிரவுசர் பாஸ்வேர்டைத் திருடும் என்பது உண்மைதான், ஆனால் ஆன்டிவைரஸைச் சாய்ப்பதும் சிஸ்டம் முழுவதையும் பிடிப்பதும் கடினமாகிவிடும். அப்புறம் விண்டோஸ் செக்யூரிட்டியில் "எக்ஸ்க்ளூஷன்ஸ்" என்ற பட்டியலைத் திறந்து பாருங்கள், ஸ்கேன் செய்யவேண்டாம் என்று விலக்கி வைத்த இடங்கள் அதில் இருக்கும். டேலி மெதுவாக இருக்கிறது என்று யாராவது சி டிரைவ் முழுவதையும் விலக்கி வைத்திருப்பார்கள், கிராக் போட்டபோது அந்த ஃபோல்டரை விலக்கியிருப்பார்கள். சில தீநிரல்கள் தாமே தம் பெயரை அதில் எழுதிக்கொள்ளும். டேலிக்கு விலக்கு தேவை என்றால் டேட்டா ஃபோல்டர் ஒன்றுக்கு மட்டும் போதும்.

வேறிடத்தில் இருந்தபடி உங்கள் கம்ப்யூட்டரை இயக்க உதவும் எனிடெஸ்க், டீம்வியூவர், அல்ட்ராவியூவர் இவற்றை ஆன்டிவைரஸ் பிடிக்காது, பிடிக்கவும் கூடாது, அவை முறையான மென்பொருள்கள். ஆனால் டேலி சப்போர்ட்டுக்கு ஒருமுறை போட்டதை யாரும் எடுப்பதில்லை, ஆள் இல்லாமலே நுழைய நிரந்தரப் பாஸ்வேர்டும் வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். அந்தப் பாஸ்வேர்டு தெரிந்த பழைய ஆள் இன்னும் எத்தனை பேர்? எனிடெஸ்க் வழியாகப் பணம் பறிப்பது பற்றி ரிசர்வ் வங்கி 2019-லேயே எச்சரித்தது. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, நிரந்தரப் பாஸ்வேர்டை எடுத்துவிட்டு, ஒவ்வொரு முறையும் உங்கள் ஆள் அனுமதி கொடுத்தால்தான் திறக்கும்படி வையுங்கள். டிஜிட்டல் கையொப்பம் உள்ள டிஎஸ்சி டோக்கனைக் காலையில் சொருகி மாலை வரை விட்டுவைப்பதும் அதே வகை ஆபத்து, ஃபைலிங் முடிந்ததும் பிடுங்கி மேஜை டிராயரில் வையுங்கள். கீபோர்டு வயருக்கும் சிபியூவுக்கும் நடுவே சொருகி, அடிப்பதைப் பதிவு செய்யும் சிறிய கீலாகர் கருவியையும் எந்த மென்பொருளும் கண்டுபிடிக்காது, அக்கவுண்ட்ஸ் சிஸ்டங்களின் பின்பக்கத்தை மாதம் ஒருமுறை குனிந்து பார்ப்பதுதான் வழி.

காசில்லாமல் செய்யக்கூடிய இன்னொன்று, தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் இணைய முகவரியைத் தேடித் தரும் டிஎன்எஸ் சேவையை ரூட்டரில் 9.9.9.9 என்று மாற்றுவது. குவாட்9 என்ற லாப நோக்கற்ற அமைப்பு நடத்துவது, தெரிந்த கெட்ட தளங்களுக்கு முகவரி கேட்டாலே தராது. பத்து நிமிட வேலை. உள்ளே வந்துவிட்ட திருட்டு நிரல் வெளியே பேச முயலும்போதும் சில சமயம் அங்கேயே நின்றுவிடும்.

இப்போது உங்கள் அலுவலகத்தில் உண்மையிலேயே ஏதாவது ஒரு சிஸ்டத்தில் ஸ்டீலர் பிடிபட்டால், பலரும் செய்வது அதே சிஸ்டத்தில் உட்கார்ந்து பாஸ்வேர்டு மாற்றுவது. புதிய பாஸ்வேர்டும் அவனுக்கே போகும். முதலில் அந்த சிஸ்டத்தின் நெட் வயரைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். வேறு சுத்தமான சிஸ்டத்திலிருந்து மெயில், வங்கி, ஜிஎஸ்டி எல்லாவற்றின் பாஸ்வேர்டையும் மாற்றி, "எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு" என்பதையும் அழுத்துங்கள், திருடிய குக்கி பெரும்பாலும் அதில்தான் செத்துப்போகும். பிறகு அந்த சிஸ்டத்தை ஃபார்மட் செய்து விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள். ஸ்கேன் செய்து "சுத்தம்" என்று வந்ததை நம்பி வங்கி லாகினுக்கு அதைத் திரும்ப உபயோகிக்க நான் சொல்லமாட்டேன். பணம் போயிருந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். வேகமாகச் சொன்னால் பணம் கைமாறுவதற்குள் முடக்க வாய்ப்பு உண்டு.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், மெயில் ஏற்கெனவே மைக்ரோசாஃப்ட் 365-ல் இருந்தால் பிசினஸ் பிரீமியத்துக்கு மாறி அதிலிருக்கும் டிஃபெண்டரையே சரியாக அமைத்துக்கொள்வேன். மெயில் வேறிடத்தில், ஹோம் லேப்டாப்புகளும் நிறைய என்றால் செக்ரைட், கே7, பிட்டிஃபெண்டர் மூன்றின் அலுவலகப் பதிப்பையும் மேலே சொன்னபடி மெதுவான சிஸ்டத்தில் சோதித்து, எந்தக் கன்சோல் உங்கள் ஆளுக்குப் பார்த்தவுடன் புரிகிறதோ அதை எடுப்பேன். மூன்று வருடத்துக்கு வேண்டாம், முதலில் ஒரு வருடம் வாங்குங்கள். பில் கம்பெனி பெயரில் இருக்கட்டும். முக்கியமாக, கன்சோலின் அட்மின் கணக்கு உங்கள் கம்பெனி மெயில் ஐடியில் திறக்கப்படவேண்டும், டீலருடைய அல்லது சர்வீஸ்காரருடைய ஐடியில் அல்ல, அவர்களுக்குத் தனியாக ஒரு துணைக் கணக்கு கொடுத்தால் போதும். நாளைக்கு அவரோடு உறவு முறிந்தால் 16 சிஸ்டத்தின் கட்டுப்பாடும் அவர் கையில் இருக்கக்கூடாது.